பெயரைத் திருடும் கடிதங்களும் மின்னஞ்சலின் முத்திரையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையைச் சூறையாடிச் சென்றது. நாவலடியிலும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்லாற்றிலும் காணாமற்போனோரைத் தேடும் பணி ஓயாதிருந்த அந்நாட்களிலேயே, எம்மவர் அறியாத வேறொரு அலையும் எழுந்தது. பாதிக்கப்பட்டோருக்கு உதவுமாறு கோரும் போலி மின்னஞ்சல்கள் உலகெங்கும் பறந்தன. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ஒருவர், மேர்சி கோப்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் வேண்டுகோளைப் போலத் தோற்றமளிக்கும் மின்னஞ்சல்களை எட்டு இலட்சத்திற்கும் அதிகமானோருக்கு அனுப்பினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2005 ஜனவரியில் அந்நாட்டுப் புலனாய்வுப் பணியகத்தினரால் கைது செய்யப்பட்டார். எமது மக்களின் துயரத்தைக் காட்டித் திரட்டப்பட இருந்த பணம் அது.

வேலையும் வருமானமும் இல்லாத ஒரு தனி மனிதரால், உலகறிந்த ஒரு நிறுவனத்தின் பெயரை அவ்வளவு எளிதாக எடுத்தாள முடிந்தது எவ்வாறு? இக்கேள்விக்கான விடை பிட்ஸ்பேர்க்கில் இல்லை. மின்னஞ்சல் என்ற சாதனத்தின் பிறப்பிலேயே இருக்கின்றது.

இன்றும் நாம் பயன்படுத்தும் மின்னஞ்சல் விநியோக முறையின் அடிப்படை விதிகளை ஜொன் போஸ்டல் என்ற அறிஞர் 1982ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வகுத்தளித்தார். அப்பொழுது இணையம் என்பது சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் தமக்குள் வைத்திருந்த ஒரு சிறு வலையமைப்பு. எழுதுபவரை வாசிப்பவர் அறிந்திருந்தார். எனவே அனுப்புநர் தாம் யார் என்று கூறுகிறாரோ அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வகையில் அவ்விதிகள் அமைந்தன. கடிதத்தின் தலைப்பில் எந்தப் பெயரையும் எழுதலாம், தபாற்காரர் கேட்கமாட்டார். ஊர் சிறிதாக இருந்தவரை இதனால் கேடு விளையவில்லை. ஊர் உலகமாகிய பின்னர்தான் அந்த நம்பிக்கையே திறந்த கதவாயிற்று.

இக்கதவின் வழியே எமது வாவிக்கரை ஊர்களுக்கு வருபவை பெரும்பாலும் வேலைக் கடிதங்களே. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வாழைச்சேனையிலும், பிள்ளையொருவர் கட்டாரிலோ சவூதியிலோ சுவிற்சர்லாந்திலோ கனடாவிலோ இல்லாத குடும்பங்களை எண்ணிவிடலாம். போக இருப்பவரும் காத்திருப்பவரும் ஏராளம். அவர்களை நாடி வரும் கடிதத்தில் பெரிய நிறுவனத்தின் இலச்சினை இருக்கும், சம்பளமும் தங்குமிடமும் விடுமுறையும் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும், அனுப்பியவர் பகுதியில் அந்நிறுவனத்தின் பெயரே தோன்றும். இரண்டாவது கடிதத்தில் விசாக் கட்டணம் கேட்கப்படும். மூன்றாவதில் மருத்துவப் பரிசோதனைக் கட்டணம். நகையை அடகு வைத்து அதனைக் கட்டிய பின்னர் கடிதம் வராது. பணம் போவதோடு முடிந்தால் அதுவே பெரும் ஆறுதல் என்று கூறவேண்டிய நிலையும் பின்னர் ஏற்பட்டது. தாய்லாந்தில் கணினித்துறை வேலை என நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி வதைக்கப்பட்டதும், அவர்களில் பலர் 2024ஆம் ஆண்டில் மீட்டுக் கொண்டுவரப்பட்டதும் நாடறிந்தவை.

இத்தகைய ஒவ்வொரு சம்பவத்தின் பின்னரும் ஏமாந்தவரையே ஏசுவது எமது வழக்கமாகிவிட்டது. ‘படித்த பிள்ளை, இதனை நம்பலாமா?’ என்கின்றோம். ஆனால் பெயர் திருடப்படுவதைத் தடுக்கும் வழி பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைத்திருந்தும், தமது பெயரைப் பூட்டி வைக்காத நிறுவனங்களை எவரும் கேட்பதில்லை. அந்த வழி என்ன என்பதைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

எமது நாட்டில் ஒருவர் தமது வதிவிடத்தை நிரூபிக்க வேண்டுமாயின் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பெறுகின்றார். அதில் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட பின்னரே மற்ற அலுவலகங்கள் அதனை ஏற்கின்றன. தாளையும் எழுத்தையும் யாரும் உருவாக்கிவிடலாம். மேலொப்பத்தைச் சரிபார்க்க ஓர் இடம் இருப்பதே அந்தச் சான்றிதழின் பெறுமதி. மின்னஞ்சலுக்கு அவ்வாறான சரிபார்ப்பு இடமாக அமைவது, இணையத்தின் பெயர்ப் பதிவேடாகும். முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை ஆள்களப் பெயர் என்கின்றோம். அப்பெயருக்கு உரித்துடையவர் மாத்திரமே அதற்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் எழுத முடியும். உலகில் எவரும் அதனை வாசிக்க முடியும். எமது நாட்டில் டொட் எல்.கே. என முடியும் பெயர்களை 1990ஆம் ஆண்டு முதல் எல்.கே. ஆள்களப் பதிவகம் வழங்கி வருகின்றது.

அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியவை மூன்று.

முதலாவது எஸ்.பி.எஃப். எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் விதிகள் ஆவணமாக வெளியிடப்பட்டு, 2014இல் திருத்தி உறுதி செய்யப்பட்டன. ‘எமது பெயரில் கடிதம் எடுத்துச்செல்ல இன்னின்ன கணினிகளுக்கு மாத்திரமே அனுமதி உண்டு’ என்ற பட்டியல் அது. கடிதம் வந்து சேரும் இடத்திலுள்ள கணினி, கொண்டுவந்தவர் பட்டியலில் உள்ளாரா எனப் பார்க்கின்றது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும்படி நாம் ஏற்பாடு செய்திருந்தால், இடையில் எடுத்துச்செல்லும் கணினி பட்டியலில் இல்லாதபடியால் உண்மையான கடிதமும் தோற்றுவிடும். இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. மின்னஞ்சலுக்கும் சாதாரணக் கடிதத்தைப் போலவே உறை ஒன்றும் உள்ளே தாள் ஒன்றும் உள்ளன. எஸ்.பி.எஃப். பார்ப்பது உறையில் எழுதப்பட்ட பெயரை. நாம் திரையில் காண்பதோ தாளின் தலைப்பிலுள்ள பெயரை. மோசடிக்காரர் உறையில் தமது சொந்த ஆள்களப் பெயரை நேர்மையாக எழுதிவிட்டு, தாளில் வங்கியின் பெயரை எழுதினால் சோதனையில் சித்தியடைந்துவிடுவார்.

இரண்டாவதான டி.கே.ஐ.எம். ஒரு முத்திரையாகும். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய இரு முறைகளை இணைத்து 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் இது விதியாக்கப்பட்டது. அனுப்பும் நிறுவனம் இரண்டு திறவுகோல்களை உருவாக்குகின்றது. ஒன்றைத் தன்னிடமே இரகசியமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்தின் மீதும் அதனால் கணித முத்திரை இடுகின்றது. மற்றையதைப் பதிவேட்டில் பகிரங்கமாக வைக்கின்றது. பெறுபவரின் கணினி பகிரங்கத் திறவுகோலைக் கொண்டு முத்திரையைச் சோதிக்கின்றது. முத்திரைக்குள் அடங்கிய வாசகத்தில் ஓர் எழுத்து மாற்றப்பட்டிருந்தாலும் சோதனை தோற்றுவிடும். கடிதம் எத்தனை கைமாறி வந்தாலும், உள்ளடக்கம் மாறாதவரை முத்திரை நிலைத்திருக்கும்.

முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அது வலுவானதாகவும் இருத்தல் வேண்டும் என்பதற்கு வேலைக் கடிதம் தொடர்பான உண்மைச் சம்பவமொன்றே சான்றாகும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஸக்கரி ஹரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு, கூகிள் நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு விடுக்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவர் எம்மவரைப் போல மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் நிற்கவில்லை, ஐயுற்றார். முத்திரையை ஆராய்ந்தபோது, கூகிள் பயன்படுத்திய திறவுகோல் 512 பிற் நீளமே கொண்டிருந்ததைக் கண்டார். குறைந்தது 1,024 பிற் இருக்க வேண்டும் என்பது அப்போதே ஏற்கப்பட்டிருந்த அளவாகும். தமது திறமையைச் சோதிக்கவே கூகிள் இவ்வாறு செய்கின்றது எனக் கருதிய அவர், அந்தத் திறவுகோலை உடைத்து, கூகிளின் நிறுவுநர் இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுதுவது போன்ற கடிதமொன்றை அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாட்களில் திறவுகோல் 2,048 பிற் நீளத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. 512 பிற் திறவுகோலொன்றை வாடகைக் கணினிகளைக் கொண்டு 75 டொலர் செலவில் மூன்று நாட்களில் உடைத்துவிடலாம் என அவர் 2012இல் பகிரங்கமாகத் தெரிவித்தார். கூகிளுக்கே இந்நிலை ஏற்பட்டதெனில், எமது சிறிய நிறுவனங்கள் தமது திறவுகோலின் நீளத்தைப் பற்றி வெட்கமின்றி விசாரிக்கலாம்.

மூன்றாவதாகிய டிமார்க், முன்னைய இரண்டையும் பயனுள்ளதாக்குகின்றது. பேபால், கூகிள், மைக்ரோசொப்ட், யாஹூ முதலிய நிறுவனங்கள் கூடி 2012 ஜனவரியில் இதனை அறிவித்தன. 2015 மார்ச்சில் ஆவணமாக வெளிவந்தது. உறையில் உள்ள பெயரோ முத்திரையில் உள்ள பெயரோ, தாளின் தலைப்பில் வாசகர் காணும் பெயருடன் பொருந்தியே ஆகவேண்டும் என்பது டிமார்க்கின் நிபந்தனை. முற்கூறிய பெரிய ஓட்டை இதனால் அடைபடுகின்றது. பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்ற கட்டளையையும் பெயருக்குரியவரே பதிவேட்டில் எழுதி வைக்கின்றார். ‘எதுவும் செய்ய வேண்டாம்’, ‘ஒதுக்கி வை’, ‘நிராகரி’ என அக்கட்டளை மூவகைப்படும். எமது பெயரில் யார் யார் கடிதம் அனுப்பினார்கள் என்ற அறிக்கையும் உலகின் பெரிய அஞ்சல் நிறுவனங்களிடமிருந்து வந்து சேரும்.

‘நிராகரி’ என்ற ஒரு சொல்லில்தான் முழுப் பயனும் அடங்கியுள்ளது. பிரித்தானியாவின் வரி அறவிடும் திணைக்களம், தனது பெயரில் அனுப்பப்பட்ட 30 கோடி மோசடி மின்னஞ்சல்களை 2016ஆம் ஆண்டில் இம்முறையால் குறைத்ததாக அறிவித்தது. அமெரிக்க அரசு 2017 ஒக்டோபரில், தனது கூட்டாட்சி நிறுவனங்கள் யாவும் ஓராண்டுக்குள் ‘நிராகரி’ நிலைக்கு வரவேண்டும் எனப் பணித்தது. 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்ட கடிதங்களை அனுப்புவோர் இம்மூன்று ஏற்பாடுகளையும் செய்திருத்தல் வேண்டும் எனக் கூகிள் விதித்தது. யாஹூவும் அவ்வாறே விதிக்க, 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்டும் இணைந்துகொண்டது. ஆயினும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. இந்நிறுவனங்கள் கேட்பது டிமார்க் பதிவு ஒன்று இருக்கவேண்டும் என்பதையே. ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிடும். வாயிலில் காவலாளியை நிறுத்திவிட்டு, எவரையும் மறிக்க வேண்டாம் எனப் பணிப்பதற்கு ஒப்பானது இது. எனவே ஒரு நிறுவனம் ‘எமக்கு டிமார்க் உண்டு’ என்று கூறுமாயின், ‘கட்டளை எது?’ என்பதே அடுத்த கேள்வியாக அமைதல் வேண்டும்.

அவசரப்பட்டு ‘நிராகரி’ என்று எழுதுவதும் ஆபத்தே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தனது முகவரிகளுக்கு இக்கட்டளையைத் திடீரெனப் பிறப்பித்தபோது, உலகெங்குமுள்ள மின்னஞ்சல் குழுமங்கள் தடுமாறின. குழுமக் கணினி கடிதத்தின் தலைப்பில் குழுமத்தின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்து மறுபடி அனுப்புவதால் முத்திரை உடைந்து, யாஹூ முகவரியிலிருந்து எழுதிய உறுப்பினரின் உண்மையான கடிதங்களும் திருப்பி அனுப்பப்பட்டன. இக்குறையை நீக்க, கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு கையும் தான் கண்ட சோதனை முடிவை முத்திரையிட்டு அடுத்த கைக்கு வழங்கும் முறையொன்று 2019இல் வெளியாயிற்று. ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, ஆராய்ந்து ஒவ்வொருவரின் நம்பகத்தன்மையையும் எடைபோட்ட இமாம்களின் முறையை அறிந்த எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. இங்கும் தொடரில் ஒருவர் நம்பத்தகாதவராயின் தொடரால் பயனில்லை.

இனி எமது நிலைமைக்கு வருவோம். பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாக சபைகள், ஆலய பரிபாலன சபைகள், தொண்டு அமைப்புகள், ஏன் சில அரச அலுவலகங்களும்கூட ஜிமெயில், யாஹூ முகவரிகளையே கடிதத்தலைப்பில் அச்சிட்டுள்ளன. செலவில்லை, வசதியும் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகிற் கணினிச் சேவை மீது நடந்த தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தமது கடிதங்களை இழந்த பின்னர், ‘ஜிமெயிலே மேல்’ என்று கூறும் உத்தியோகத்தரைக் குறைகூறவும் முடியவில்லை. ஆனால் இந்த வசதிக்குரிய விலையை வேறொருவர் செலுத்துகின்றார். இலவச முகவரியில் இயங்கும் சங்கத்திற்குப் பாதுகாக்க வேண்டிய ஆள்களப் பெயரே இல்லை. அச்சங்கத்தின் பெயருடன் ஓர் எழுத்தையோ இலக்கத்தையோ சேர்த்து எவரும் இன்னொரு ஜிமெயில் கணக்கைத் திறக்கலாம். அங்கிருந்து புறப்படும் மோசடிக் கடிதம் மூன்று சோதனைகளிலும் சித்தியடையும். ஏனெனில் அது உண்மையாகவே ஜிமெயிலிலிருந்துதான் வருகின்றது. புலமைப்பரிசில் பட்டியலும் வீட்டுத்திட்ட விண்ணப்பமும் நன்கொடை வேண்டுகோளும் இவ்வாறான முகவரிகளிலிருந்து வந்து பழகிய மக்களுக்கு, உண்மைக்கும் போலிக்கும் இடையே காணக்கூடிய வேறுபாடு எதனையும் நாம் விட்டுவைக்கவில்லை.

இம்முறையால் எவை இயலா என்பதையும் கூறவேண்டும். முத்திரை, பெயரை உறுதிப்படுத்துமேயன்றி நெஞ்சை உறுதிப்படுத்தாது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் திருடப்பட்ட சம்பவத்தில் எமது நாட்டின் பெயரும் அடிபட்டது. அதில் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் கணக்கிற்கு அனுப்பப்பட்டது. அமைப்பின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமையும் தொகையின் பருமனும் வங்கியாளர்களின் ஐயத்தைக் கிளப்பியதால் பணம் காப்பாற்றப்பட்டது. அவ்வங்கியின் கணினிகளுக்குள் நுழையத் திருடர் கையாண்ட வழி, வேலை கேட்டு விண்ணப்பிக்கும் இளைஞரின் சுயவிபரக் கோவையைப் போன்ற மின்னஞ்சல் என அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றப்பத்திரம் கூறுகின்றது. அக்கடிதங்கள் புறப்பட்டவையும் ஜிமெயில் கணக்குகளே. அவை எவருடைய ஆள்களப் பெயரையும் திருடவில்லை. ஆகவே டிமார்க் அவற்றை மறித்திராது. அன்று பணத்தைக் காத்தவர்கள் எழுத்துப்பிழையைக் கவனித்த மனிதர்களே.

ஒத்த தோற்றமுடைய பெயர்கள் மற்றுமொரு தொல்லை. மோசடிக்காரர் ஓரெழுத்து வேறுபட்ட ஆள்களப் பெயரை வாங்கி, அதற்கு முறையாக மூன்று பதிவுகளையும் செய்துகொண்டால் சோதனைகள் அவரை வாழ்த்தி வழியனுப்பும். தமிழுக்கும் இது பொருந்தும். டொட் இலங்கை என்ற தமிழ் ஆள்களம் 2010 முதல் உள்ளது. பழந்தமிழ் எண்களில் ஒன்றைக் குறிக்கும் ‘௧’ என்பதும் ‘க’ என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. தமிழில் முகவரிகள் பெருகும் காலத்தில் இதனை எமது கணினி அறிஞர்கள் மனங்கொள்ள வேண்டியிருக்கும். மேலும் கைத்தொலைபேசித் திரையில் முகவரி தோன்றாமல் அனுப்பியவர் இட்டுக்கொண்ட காட்சிப் பெயர் மாத்திரமே தோன்றுவது வழக்கம். அப்பெயரை எந்தச் சோதனையும் தொடுவதில்லை. குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் வழியாக வருபவையும் இம்முறையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

வாசகர்கள் செய்யக்கூடியது சிறிதளவு உண்டு. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் வலப்புற மூன்று புள்ளிகளை அழுத்தி, மூலத்தைக் காட்டும் தெரிவைத் தேர்ந்தால் மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே தெரியும். எந்த ஆள்களப் பெயருக்கு அந்தச் சித்தி வழங்கப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்து வாசித்தல் அவசியம். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் நிலையம் அனுமதி பெற்றதா என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். மோசடி பற்றி இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவான சேர்ட்டுக்கு 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

ஆனால் முதற்பொறுப்பு பெயருக்குரியவர்களுடையது என்பதே எமது நிலைப்பாடு. அவர்கள் செய்யவேண்டியது பெரிய வேலையுமன்று. சொந்த ஆள்களப் பெயரொன்றைப் பெறுதல், எஸ்.பி.எஃப். பட்டியலையும் 2,048 பிற் திறவுகோலையும் பதிதல், டிமார்க்கை ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற கட்டளையுடன் ஆரம்பித்து அறிக்கைகளை வரவழைத்தல், சில வாரங்கள் அவற்றை வாசித்துச் சம்பளப் பட்டியல் அனுப்பும் கணினி, செய்திமடல் அனுப்பும் சேவை என மறந்துபோனவற்றைப் பட்டியலில் சேர்த்தல், அதன் பின்னர் ‘ஒதுக்கி வை’, இறுதியில் ‘நிராகரி’. பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தைத் தவிர இப்பதிவுகளுக்கு எவரும் பணம் கேட்பதில்லை. மின்னஞ்சலே அனுப்பாத ஆள்களப் பெயர்களையும் மறந்துவிடலாகாது. எவரும் கவனிக்காத அப்பெயர்களே திருடருக்கு விருப்பமானவை. அவற்றுக்கு முதல் நாளிலேயே ‘நிராகரி’ என்று எழுதிவிடலாம்.

பதிவேடு பகிரங்கமானது என மேலே குறிப்பிட்டோம். ஆகவே எமது மாநகர சபை, எமது வைத்தியசாலைகள், பிள்ளைகளின் கல்லூரி, நாம் பணம் வைப்பிலிட்டுள்ள வங்கி ஆகியவை என்ன கட்டளையை எழுதி வைத்துள்ளன என்பதை அறிய எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி பயிலும் மாணவர் ஒருவருக்கு ஒரு பெயரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். வாவியின் இரு கரைகளிலுமுள்ள பொது நிறுவனங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டளைகளுள் எது உள்ளது என்பதைக் குறித்து, அப்பட்டியலை அந்தந்த நிறுவனத் தலைவருக்கே அனுப்பிவைக்க ஒரு வார இறுதி விடுமுறை போதுமானது.